கேம் மீட்டுக்குக் கொண்டு வந்த பிஎஸ்4 உடைஞ்சா யார் காசு கொடுக்கறது?

உறையூர்க்காரன் (திருச்சி) கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். திருச்சியில ஃபைட்டிங் கேம் (ரெண்டு பேர் நேருக்கு நேர் சண்டை போடற வீடியோ கேம்) விளையாடுற பதினோரு பேர் சேர்ந்து ஏழெட்டு மாசமா மாசத்துக்கு ரெண்டு ஞாயிறு மீட்டு போட்டு ஒண்ணா உக்காந்து விளையாடுறோம். ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6 தான் பிரதானம், கடைசியில கொஞ்சம் டெக்கன் 7. இடம் தில்லைநகர்ல ஒரு நண்பன் வீட்டு மாடி. மொத்தச் சொத்து ரெண்டு பிஎஸ்4 (பிளேஸ்டேஷன் 4 கேம் மிஷின்), ஒரு மானிட்டர், ஒரு டிவி. பிஎஸ்4 ஒண்ணு என்னோடது. இன்னொண்ணு ஒரு நண்பனோடது, அவனைக் 'கே'ன்னு வச்சுக்குவோம்.

போன மாசம் ஒரு மேட்ச் பரபரப்பா போயிட்டிருக்கு, பின்னாடி நின்னவங்க எல்லாம் குதிக்கிறாங்க. யாரோ ஒருத்தர் கால் டிவிக்குப் படம் போற எச்டிஎம்ஐ வயர்ல மாட்டி, கேயோட பிஎஸ்4 டீப்பாய்ல இருந்து கீழ விழுந்துச்சு. யார் கால்னு இன்னிக்கு வரைக்கும் யாருக்கும் தெரியல. எனக்கே என் கால்தானோன்னு ஒரு சந்தேகம் உண்டு. மிஷின் ஆன் ஆகுது, படம் வரல. சர்வீஸ் கடையில 3,200 ரூபா ஆகும்னு சொன்னாங்களாம்.

கே ஒண்ணும் சண்டை போடல. "பரவால்ல மச்சி"ன்னு சொல்லிட்டுப் போயிட்டான். மறுநாள் வாட்ஸ்அப் குரூப்ல இருந்து வெளிய போயிட்டான். அடுத்த மீட்டுக்கு ஏழு பேர்தான் வந்தோம். ஒரே செட்டப் (ஒரு மிஷின், ஒரு திரை), ஏழு பேர், பாதி நேரம் போனைப் பாத்துட்டு உக்காந்திருந்தோம்.

இப்ப ரெண்டு பேர் சொல்றாங்க, ஆளாளுக்குக் காசு போட்டு பொதுவா ஒரு பிஎஸ்5 வாங்கிடலாம், யாரோட பொருளையும் நம்பி இருக்க வேணாம்னு. எனக்கு அது சரியாத் தோணுது, ஆனா பயமாவும் இருக்கு. மத்த ஊர்ல எப்படிப் பண்றீங்க?

பீளமேடு பட்டன் (கோவை) பதில்:

உறையூர்க்காரரே, பொதுவா வாங்கறதைப் பத்தி அப்புறம் பேசலாம்ங்க. மொதல்ல கே வீட்டுக்கு நேர்ல போங்க. குரூப்ல மறுபடியும் சேர்த்து "சாரி ப்ரோ" போட்டுட்டு இருக்காதீங்க. அவரை விட்டுட்டு மீதி பத்துப் பேர் போட்டா ஆளுக்கு 320 ரூபா, ஒரு பிரியாணிக் காசு. யார் கால்னு விசாரிக்கவே கூடாது. எல்லாரும் குதிச்சீங்கள்ல, எல்லாரும் கொடுங்க.

கொடுக்கறதுக்கு முன்னாடி வேற ஒரு கடையிலயும் காட்டிருங்க. ஆன் பண்ணினா லைட் வெள்ளையா நிக்குது, படம் மட்டும் வரலைன்னா மிஷின் உசுரோட இருக்குது, பெரும்பாலும் எச்டிஎம்ஐ பக்கம்தான் கோளாறு. வயர் சொருகற சாக்கெட் மட்டும் பிடுங்கிட்டு வந்திருந்தா சாக்கெட் மாத்தற காசோட போயிரும். உள்ள எச்டிஎம்ஐ ஐசி சிப்பும் அடிபட்டிருந்தா செலவு கூட. உங்க கடைக்காரர் ரெண்டையும் சேர்த்துச் சொல்றாரா, இல்ல திறந்தே பாக்காம சொல்றாரான்னு கேளுங்க.

இப்ப எங்க கதை. நான் பம்ப் கம்பெனியில டிசைன் வேலை பாக்கறவன், இங்க 2018ல டெக்கன் 7 ஆடறவங்க ஆறு பேர் சேர்ந்து ஆரம்பிச்சோம். கணபதியில எங்க பையன் ஒருத்தனோட அப்பா லேத் பட்டறை வச்சிருக்கார். ஞாயித்துக்கிழமை லீவு, அதனால மேல் ரூம் எங்களுக்கு. ஆயில் வாசத்துலதான் எங்க ஊர்ப் பசங்க பாதிப் பேர் காம்போ (விடாம தொடர்ந்து விழற அடி) கத்துக்கிட்டாங்க.

நீங்க இப்ப யோசிக்கறதை நாங்க 2019லயே பண்ணிட்டோம். பன்னண்டு பேர் தலைக்கு 700 போட்டு 8,400 ரூபாய்க்கு பொதுவா ஒரு 24 இன்ச் மானிட்டர். வாங்குன அன்னிக்கு செல்ஃபி எல்லாம் எடுத்தோம். ஆறு மாசத்துல ஒருத்தன் வேலை கிடைச்சு பெங்களூர் போனான், என் 700ஐக் குடுங்கன்னான். பழைய மானிட்டருக்கு இப்ப என்ன விலை, அதுல பன்னண்டுல ஒரு பங்கு எவ்வளவுன்னு ஒரு ராத்திரி முழுக்கக் கணக்கு. அப்புறம் 2020ல லாக்டவுன் வந்துச்சு. மானிட்டர் யார் வீட்டுல இருந்துச்சோ அந்த வீட்டுத் தம்பிக்கு அதுலதான் ஆன்லைன் கிளாஸ். ரெண்டு வருசம் கழிச்சுத் திரும்பக் கேக்க யாருக்கு வாய் வரும்? அந்தத் தம்பி அதுல படிச்சுத்தான் பாலிடெக்னிக் முடிச்சான், அதனால எனக்கு வருத்தமில்லீங்க. ஆனா பொதுவுல பெரிய பொருள் வாங்கறதில்லைன்னு அன்னிக்கு முடிவு பண்ணினோம்.

இப்ப எங்ககிட்ட ஆறு செட்டப் ஓடுது. ஒண்ணுகூட பொதுச் சொத்து கிடையாது. எல்லாத்துக்கும் ஒரு முதலாளி உண்டு, பேரு ஒட்டியிருக்கும். கொண்டு வர்றவருக்கு அன்னிக்கு இடத்துக்கான 50 ரூபா கிடையாது, போட்டிக்கட்டணம் மட்டும் கட்டுனா போதும். மத்தவங்க கட்டற 50ல பத்து ரூபா தனியா ஒரு பூஸ்ட் டப்பாவுக்குப் போகுது. ரிப்பேருக்கு மட்டும்தான் அந்தக் காசு. டீ வாங்க எடுத்தவனை ஒரு வாரம் பேரைச் சொல்லியே கலாய்ச்சோம். மாசம் நாலு ஞாயிறு, சராசரியா இருபது பேர், எவ்வளவு சேரும்னு நீங்களே போட்டுப் பாத்துக்கோங்க. பொருளைக் கொண்டு வர்றவருக்கு 'ஒடைஞ்சா சரி பண்ணித் தருவாங்க'ங்கற தைரியம் இருந்துச்சுன்னா அடுத்த வாரமும் தூக்கிட்டு வருவாரு. உங்க 'கே'வுக்கு அது இல்ல, அதான் போயிட்டாரு.

ஒரு நாப்பது பக்க நோட்டு போட்டோம். வரும்போது என்ன கொண்டு வந்தோம், போகும்போது என்ன எடுத்துட்டுப் போனோம், ரெண்டே கட்டம். "மின்வயர் 1, எச்டிஎம்ஐ 1, பேட் 2 (ஒண்ணுல இடது ஸ்டிக் தானா நகருது)"ன்னு எழுதுவோம், பேட்னா கையில பிடிச்சு ஆடற கன்ட்ரோலர். அந்த அடைப்புக்குள்ள எழுதறதுதான் முக்கியம். ஏற்கெனவே இருந்த குறையை எழுதலைன்னா, சாயங்காலம் அது புதுக் குறை ஆயிரும், சண்டை வந்துரும். பேட்டரி, வயர், பேடு எல்லாத்துலயும் ஆளுக்கொரு கலர் இன்சுலேஷன் டேப். என்னோடது மஞ்சள்.

உங்க விபத்துக்கு மருந்து 200 ரூபாய்க்குள்ள முடியுங்க. அரை அடி நீளத்துல எச்டிஎம்ஐ நீட்டிப்பு வயர் கிடைக்கும், ஒரு முனை ஆண், ஒரு முனை பெண். அதை மிஷின்ல நிரந்தரமா சொருகி விட்டுருங்க. கழட்டறது மாட்டறது எல்லாம் அந்த வாலோட முனையில. யாராச்சும் கால் மாட்டினாலும் பெரும்பாலும் அந்த மூட்டுதான் பிரிஞ்சு வரும், மிஷின் அசையாது. தேய்ஞ்சு போறதும் வால்தான், சாக்கெட் இல்ல. அப்புறம் டீப்பாயை ஒழிச்சுக்கட்டுங்க. மிஷின் தரையில, செவுத்தோரம், வயர் மேல பாய். நாங்க பட்டறையில இருக்கற கனமான இரும்புத் துண்டை வயர் மேல வைக்கறோம், அந்த வசதி உங்களுக்கு இருக்காது, செங்கல் போதும்.

டிவி பத்தி. எங்ககிட்ட ஒருத்தர் ஆசையா 43 இன்ச் டிவி தூக்கிட்டு வந்தார், புல்லட்ல பின்னாடி ஆளை உக்கார வச்சு. அதுல படம் தாமதமில்லாம வர்றதுக்கான கேம் மோடே கிடையாது. அன்னிக்கு அதுல ஆடுன எவனாலயும் டிரைவ் இம்பேக்டை (ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6ல வர்ற ஒரு பெரிய அடி) பாத்துத் தடுக்க முடியல. அது கிளம்பி அடிக்க 26 ஃப்ரேம். ஒரு ஃப்ரேம் செகண்டுல அறுபதுல ஒரு பங்கு, ஆக அரை செகண்டுக்கும் கம்மி. அதுல டிவி ஆறு ஃப்ரேமை முழுங்கிட்டா கை என்ன பண்ணும்? நல்லா ஆடற பசங்க எல்லாம் தங்கள் மேலயே சந்தேகப்பட்டு மூஞ்சியத் தொங்கப் போட்டுட்டு உக்காந்திருந்தாங்க. கொண்டு வந்தவர்கிட்ட எப்படிச் சொல்றது? "அண்ணா, இதை பிராக்கெட் போடறதுக்கு வச்சுக்கலாம், எல்லாருக்கும் தெரியற மாதிரி பெருசா இருக்கு"ன்னு சொன்னோம். இப்பவும் அதுலதான் யாரு யாரோட ஆடணும்னு காட்டறோம். அவரும் சந்தோசம், டிவியும் சந்தோசம். உங்க டிவியில கேம் மோடு இருந்தா போட்டுக்கோங்க, இல்லைன்னா போட்டி மேட்சை மானிட்டர்ல மட்டும் வைங்க.

அடுத்தது பூட்டு. ஒரு தடவை ஒருத்தர் மிஷின் கொண்டு வந்தார், ஆன் பண்ணினா ஸ்ட்ரீட் ஃபைட்டர் படத்து மேல சின்னதா பூட்டு. டிஜிட்டல்ல வாங்குன கேம், அவரோட அக்கவுன்ட்டுக்கு முதன்மை மிஷினா இருந்தது அவங்க அண்ணன் வீட்டு பிஎஸ்4. முதன்மை இல்லாத மிஷின்ல நெட் இருந்தாத்தான் திறக்கும். பட்டறையில நெட்டு இல்ல, போன் ஹாட்ஸ்பாட் போட்டுத் திறக்கறதுக்குள்ள முக்கால் மணி நேரம். கிளம்பறதுக்கு முன்னாடி வீட்டுலயே நெட்டை அணைச்சுட்டு கேம் ஓடுதான்னு பாத்துட்டு வரச் சொல்லுங்க. அப்படியே எந்த மிஷின்ல கேமுக்குள்ள எந்த கேரக்டர் இருக்குன்னும் நோட்டுல எழுதுங்க. ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6ல மொதல்ல வந்தது 18 கேரக்டர்தான், மீதி எல்லாம் காசு கொடுத்து வாங்கறது. அக்குமா ஆடறவனை அக்குமா இல்லாத செட்டப்ல உக்கார வச்சா அவன் யாரை ஆடுவான்?

பேட் விசயத்துல ஒண்ணு. பிஎஸ்4 பேட்ல வயர் சொருகினாலும் அது பாட்டுக்கு புளூடூத்துல பேசிட்டிருக்கும். புது ரக பேட்னா செட்டிங்ஸ்ல போய் யுஎஸ்பி வயர் வழியான்னு மாத்தணும், ஆடி முடிச்சதும் மிஷினோட புளூடூத் பட்டியல்ல இருந்து அந்த பேடை நீக்கவும் செய்யணும். இல்லைன்னா, ஆடி முடிச்சுட்டுப் போனவன் பைக்குள்ள பேட் நசுங்கி பிஎஸ் பட்டன் அமுங்கும், இங்க நடுவுல இன்னொருத்தர் மேட்ச் நின்னு போகும். எங்க ஊர்ல ஒரு இறுதிப் போட்டியே அப்படி நின்னுச்சு. வயரும் டேட்டா போற வயரா இருக்கணும், பவர்பேங்க்கோட வர்ற சார்ஜ் வயர் ஆகாது.

கரண்ட் போறதுக்கு இன்வெர்ட்டர் இருந்தா பின்னாடி யுபிஎஸ் மோடுன்னு ஒரு சுவிட்சு இருக்கும், அதைப் போடுங்க. அவ்வளவுதான்.

இவ்வளவு சொல்லிட்டு பொதுவுல ஒண்ணுமே வாங்க வேண்டாம்னு சொல்ல மாட்டேன். கன்ட்ரோலர் வாங்குங்க, இல்ல செய்யுங்க. பொதுவுல இருக்கறதுலயே உருப்படியான பொருள் அதுதான். நாங்க நாலு பெட்டி கன்ட்ரோலர் செஞ்சோம், லீவர் இல்லாத ரகம், நாலு திசையும் பட்டன்லயே. உள்ள ராஸ்பெர்ரி பை பீக்கோன்னு ஒரு சின்ன சர்க்யூட் போர்டு, அதுல ஜிபி2040-சிஇன்னு இலவச ஃபர்ம்வேர் (போர்டை இயக்கற மென்பொருள்), பட்டனுக்கு கீபோர்டு சுவிட்சு, மேல எம்டிஎஃப் பலகை. பட்டறைக்காரப் பையன் ஓட்டை போட்டுக் கொடுத்தான், மொத ஓட்டை ரெண்டு மில்லி தள்ளிப் போச்சு, இன்னும் அந்தப் பெட்டிதான் எனக்குப் பிடிச்சது. ஒண்ணு ரெண்டாயிரத்துக்குள்ள முடிஞ்சுது. ஒரு எச்சரிக்கை, லைசென்ஸ் சாவி இல்லாத அந்தப் பெட்டி பிஎஸ்4ல எட்டு நிமிசத்துல கட் ஆயிரும், அதனால பிசியில மட்டும்தான் வைக்கறோம். அந்த நாலு பெட்டி வந்ததுக்கப்புறம்தான் பன்னண்டு பேர்ல இருந்து இருபது பேர் ஆனோம். காரணம், வெறுங்கையோட வேடிக்கை பாக்க வந்தவனையும் உக்கார வைக்க முடிஞ்சுது.

ரெண்டாம் ரவுண்டு (சென்னை) பதில்:

பட்டன் அண்ணா சொன்னதுல கடைசிப் பாயின்ட்டுக்கு நான் சாட்சி. நான் முதல் தடவை ஒரு மீட்டுக்குப் போனப்ப (எந்த இடம்னு சொல்லல) கன்ட்ரோலர் எடுத்துட்டுப் போகல, அங்கேயே இருக்கும்னு நினைச்சேன். முப்பது பசங்க, நான் ஒரே பொண்ணு, ஒவ்வொருத்தர் மடியிலயும் அவங்கவங்க ஸ்டிக் (லீவரும் பட்டனும் வச்ச பெரிய கன்ட்ரோலர்). ஒருத்தர் ரொம்பப் பெருந்தன்மையா அவர் ஆர்கேட் ஸ்டிக்கைக் கொடுத்தார். எனக்கு வீட்டுல தம்பி பேட்ல ஆடித்தான் பழக்கம். ஸ்டிக்ல நடக்கவே தெரியல, எதிர்ல ஜம்ப் பண்ணிட்டே இருந்தேன். ரெண்டு நிமிஷத்துல தோத்தேன்.

அங்க ஜெயிச்சவர்தான் தொடர்ந்து ஆடுவார், தோத்தவங்க எந்திரிச்சு லைன்ல கடைசிக்குப் போகணும். அடுத்த வாய்ப்புக்கு நாப்பது நிமிஷம். அதுலயும் ரெண்டு நிமிஷம். மூணு மணி நேரத்துல மொத்தம் எட்டு நிமிஷம் ஆடியிருப்பேன். 21ஜி பஸ் பிடிச்சு வீட்டுக்கு வந்தேன், ஒரு வருஷம் அந்தப் பக்கமே போகல.

இப்ப போற இடத்துல ஒரு செட்டப்ல அட்டை வச்சிருப்பாங்க, 'இங்க தோத்தா எந்திரிக்க வேணாம்'னு. ஆளுக்கு அஞ்சு மேட்ச், ஜெயிச்சாலும் தோத்தாலும். அதுல எப்பவும் பழைய பேட் ஒண்ணு, பெட்டி ஒண்ணு சொருகியே இருக்கும். உறையூர்க்காரர், உங்ககிட்ட இருக்கறது ஒரே செட்டப்தான், தெரியும். ஆனா அதுலயே முதல் ஒரு மணி நேரத்தை இப்படி வைக்கலாமே? பாதி நேரம் போன் பாத்துட்டு உக்காந்தோம்னு சொன்னீங்கள்ல, புதுசா வர்றவங்க அப்படி உக்காந்தா திரும்ப வர மாட்டாங்க.

அப்புறம் தயவுசெஞ்சு பேட்களைத் துடைக்க ஒரு துணியும் கொஞ்சம் ஸ்பிரிட்டும் வைங்க. பஜ்ஜி சாப்பிட்ட கையோட கொடுக்கறீங்க.

ஸ்கார்பரோப் பொடியன் (கனடா) பதில்:

நான் இஞ்ச ரொறன்ரோவில ஸ்மாஷ் மெலீ எண்ட நிண்டென்டோ சண்டை கேம் விளையாடுற ஆள். பிறந்தது இஞ்சதான், அம்மாவிட்டத்தான் தமிழ் எழுதப் படிச்சனான், பிழை இருந்தா குறை நினையாதேங்கோ.

உங்கட பிரச்சினை எங்கட ஆக்களுக்குப் பழகின பிரச்சினை. மெலீ 2001இல வந்த கேம், கேம்கியூப் எண்ட பழைய மிஷினில ஓடுறது. பழைய குழாய் டிவியில விளையாடினாத்தான் லேக் (தாமதம்) இல்லாமல் இருக்கும். இப்ப ஒருத்தரும் அந்த டிவி செய்யிறேல்ல. ஆக்கள் வீட்டு வாசலில எறிஞ்சிருக்கிறதை நாங்கள் தேடித் தேடி எடுக்கிறம். இருபது அங்குல டிவி ஒண்டே இருபது கிலோ வரும். பனிக்காலத்தில அதைத் தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏறிப் பாருங்கோ, உங்கட பிஎஸ்4 பூ மாதிரித் தெரியும். எங்கட வீட்டு நிலவறையில நாலு இருக்கு. அம்மா "உனக்கென்ன பழைய இரும்புக் கடையா"எண்டு ஏசுவா.

பட்டன் அண்ணை சொன்னமாதிரி இஞ்சயும் செட்டப் கொண்டு வாற ஆளுக்கு இடக் காசு குறைப்பம், இல்லாட்டி எடுக்கமாட்டம். ஆனா நான் ஒண்டு கூடச் சொல்லுவன். தூக்கிறதுக்கு ஆள் வேணும். நான் ஒரு வருசம் தனிய ரெண்டு டிவி கொண்டு போய், விளையாட்டு முடிய இரவு பதினொரு மணிக்குத் திரும்பிப் பாத்தா எல்லாரும் சாப்பிடப் போட்டினம். அண்டைக்குத்தான் எனக்கு விட்டுப் போச்சு. காசு பிரச்சினையே இல்லை. இப்ப கடைசி மேட்ச் தொடங்க முதலே, தோத்த ஆக்கள் எல்லாரும் மற்ற டிவியளைக் காரில ஏத்தவேணும் எண்டு சட்டம்.

மற்றது, காசில்லாமல் பகிரக்கூடிய சாமானும் இருக்கு. மெலீயில துவக்கத்தில 14 பேர்தான் திறந்திருப்பினம், மிச்ச 11 பேரையும் விளையாடித் திறக்கவேணும். புதுசா ஒருத்தர் கேம்கியூப் வாங்கினா, எல்லாம் திறந்த மெமரி கார்ட் ஒண்டை நாங்கள் பிரதி பண்ணிக் குடுக்கிறம். அந்தக் கார்டோட அவரிட்ட ஒரு செட்டப் தயார். அடுத்த கிழமை அவரும் கொண்டு வருவார்.

பீளமேடு பட்டன் (கோவை) பதில்:

பொடியன் தம்பி சொன்ன தூக்கற விசயம் நான் எழுத மறந்துட்டேன், அது நூத்துக்கு நூறு. எங்க ஊர்ல ஆறு செட்டப்ல நாலு ஆக்டிவா-லதான் வருது, முன்னாடி கால் வைக்கற இடத்துல.

பொது பிஎஸ்5 கேட்ட அந்த ரெண்டு நண்பர்களுக்கு ஒரு விசயம். ஈவோன்னு அமெரிக்காவுல நடக்கற பெரிய போட்டி 1996ல கலிஃபோர்னியா சன்னிவேல்ல நாப்பது பேரோட ஆரம்பிச்சது. 2019ல அந்த மேடையில டெக்கன் 7 ஜெயிச்சது லாகூர்ப் பையன் அர்ஸ்லான் ஆஷ், அதே வருசம் ஈவோ ஜப்பானும் அவருக்கே. கூட உக்காந்து தினமும் அடிச்சுத் துவைக்க உள்ளூர்ல ஆள் இருந்தா மிஷின் எண்ணிக்கை பெரிய விசயமில்லீங்க. நீங்க பதினோரு பேர் இருந்தீங்க, இப்ப ஏழு. பல ஆயிரம் போட்டு ஒரு மிஷின் வாங்கறதுக்கு முன்னாடி அந்த நாலு பேரைத் தேடுங்க.

உறையூர்க்காரன் (திருச்சி) பதில்:

எல்லாருக்கும் நன்றி. நேத்து கே வீட்டுக்குப் போனேன், கூட ரெண்டு பேர். அவங்க அம்மா காபி கொடுத்தாங்க. பிஎஸ்4 ஷோகேஸ்ல துணி போத்தி வச்சிருந்துச்சு. ஆன் பண்ணிப் பாத்தோம், வெள்ளை லைட்தான். வேற கடையில காட்டினோம், சாக்கெட் மட்டும்தான், 1,500ன்னார். காசைக் கொடுத்தா வாங்க மாட்டேன்னான், அவங்க அம்மா வாங்கி வச்சுக்கிட்டாங்க.

அவனுக்குக் கோவம் மிஷின் ஒடைஞ்சதுல இல்லையாம். விழுந்ததும் நாங்க எல்லாரும் என் பிஎஸ்4 பக்கம் திரும்பி மிச்ச மேட்சை ஆட ஆரம்பிச்சுட்டோமாம். அவன் தனியா வயரைச் சுத்தி எடுத்துட்டுப் போனானாம். எனக்கு ஞாபகமே இல்ல. ஆனா உண்மையாத்தான் இருக்கும், ஏன்னா அந்த மேட்ச்ல நான் ஜெயிச்சது நல்லா ஞாபகம் இருக்கு.

வர்ற ஞாயிறு வர்றேன்னிருக்கான். பிஎஸ்4 எடுத்துட்டு வர மாட்டானாம், அவன் மட்டும். நோட்டு வாங்கிட்டேன், நாப்பது பக்கம் கிடைக்கல, எம்பது பக்கம்.

பீளமேடு பட்டன் (கோவை) பதில்:

அவர் மட்டும் வந்தாப் போதும்ங்க, மிஷின் மெதுவா வரும். எச்டிஎம்ஐ வால் எங்ககிட்ட ரெண்டு கூடுதலா கிடக்கு, ரெண்டு மில்லி தள்ளிப் போன அந்தப் பெட்டியோட சேர்த்து கூரியர்ல போடறேன். தனிமடல்ல விலாசம் அனுப்புங்க. பெட்டி என்னோடது, மஞ்சள் டேப் ஒட்டியிருக்கும், நோட்டுல மொத வரியா எழுதிக்கோங்க.